நல்ல காரைக் கெடுப்பது எப்படி?

கெடுப்பதற்கு முதலில் ஒரு கார் வேண்டும். எந்தக் கார் என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்.

மட்கார்டுகளைக் கழற்றி எறிந்து, கூரையை அறுத்துத் தாழ்த்தி, உள்ளே இருந்த என்ஜினைத் துரத்திவிட்டு இன்னொன்றைத் திணித்து, சைலன்சர் என்று ஒன்று இருந்ததையே மறந்துவிட்டு ஓட்டுகிற அமெரிக்கக் கலைக்கு ஹாட் ராட் என்று பெயர். கையில் காசும் பொறுமையும் இல்லாத தெற்குக் கலிபோர்னியப் பையன்கள் 1930களில் வளர்த்தெடுத்த கலை இது. நீங்களும் அந்தக் காலத்துக்கே போய் அவர்களில் ஒருவராக இறங்கிப் பார்க்க நினைத்தால், இந்த யோசனைகளைப் பின்பற்றலாம். ஆகிற செலவுக்கும் தீக்காயத்துக்கும் நான் பொறுப்பில்லை.

முதல் விதி: தரத்தைக் கண்டு மயங்காதீர்கள். 265 குதிரைத்திறன் இருக்கிறதாமே என்று டூசன்பர்க் மாடல் ஜே பக்கம் போனால், என்ஜின் வைத்த வெறும் சேசிக்கே 8,500 டாலர் கேட்பார்கள். அதன்மேல் பாடி கட்ட இன்னொருவரிடம் போய்த் தனியாகப் பணம் அழ வேண்டும். 1932-இல் வி8 என்ஜின் வைத்த ஃபோர்டு ரோட்ஸ்டர் புத்தம் புதிதாகவே 460 டாலர்தான். அந்தச் சேசியின் விலையில் 18 ஃபோர்டு வாங்கிவிட்டு மிச்சத்துக்குப் பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம்.

பிளிமத் இதைவிட நயமான பொறி. 1928-இல் வந்த முதல் மாடலிலிருந்தே அதில் ஹைட்ராலிக் பிரேக் உண்டு. ஹென்றி ஃபோர்டோ கம்பியை இழுத்து நிறுத்துகிற பிரேக்கை 1938 மாடல் வரை விட்டுக்கொடுக்கவில்லை. ஆக, ஒழுங்காக நிற்கத் தெரிந்த மலிவு வண்டி பிளிமத்தான். ஹாட் ராட்காரர்கள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நிற்பதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இந்த வேலைக்கு வருவதே இல்லை.

சரி, கடைக்குப் போகலாம். ஷோரூமுக்கு அல்ல, காயலான் கடைக்கு. அங்கே கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் ஃபோர்டில்தான் இடிக்கும். 1908-இலிருந்து 1927 வரை மாடல் டி ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து தள்ளினார்கள். அடுத்து வந்த மாடல் ஏ, நான்கே ஆண்டுகளில் ஏறத்தாழ 50 லட்சம். பேரீச்சம்பழத்துக்குப் போடுகிற நிலையில் மூலைக்கு மூலை கிடந்த வண்டி அது. அழகு, பாரம்பரியம், வடிவமைப்பின் ஆன்மா என்றெல்லாம் இன்றைக்குப் பளபளப்பான புத்தகங்களில் எழுதுகிறார்களே, எல்லாம் பின்னால் ஒட்டவைத்த பூச்சு. பையன் ஃபோர்டை வாங்கியதற்குக் காரணம் பக்கத்தில் கிடந்தது, அவன் பைக்குள் அடங்கியது. வேறொன்றுமில்லை.

ஆனால் ஊரெல்லாம் ஒரே வண்டியை வாங்கினால் ஒரு வேடிக்கை நடக்கும். அந்த வண்டிக்கு வேக உறுப்புகள் செய்து விற்பவன் பிழைத்துக்கொள்வான். மற்ற வண்டிக்குச் செய்பவன் கடையை மூடுவான். லாஸ் ஏஞ்சலஸில் எட் வின்ஃபீல்ட் கார்புரேட்டரும் கேம் ஷாஃப்டும் செய்தார். விக் எடல்பிராக் தன் சொந்த 1932 ரோட்ஸ்டரையே சோதனைச்சாலையாக்கி, இரண்டு கார்புரேட்டர் உட்காரும் மேனிஃபோல்ட் வார்த்தார். கடையில் ஃபோர்டு சாமான்தான் கிடைக்கிறது என்று அடுத்த பையனும் ஃபோர்டையே வாங்கினான். அவனுக்காக இன்னும் நாலு கடை முளைத்தது. ஹட்சன், நாஷ் வண்டிகள் இந்தச் சுழலுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தன.

இதில் செவர்லே குடும்பத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் போனால் பாவம். தன் பெயரில் ஓடிய நிறுவனத்தை விட்டு வெளியே வந்த லூயி செவர்லே, சகோதரர்களோடு சேர்ந்து ஃபிரான்டினாக் என்ற பெயரில் வேகம் கூட்டும் சிலிண்டர் ஹெட் செய்து விற்றார். எந்த வண்டிக்கு? ஃபோர்டு மாடல் டிக்கு! அந்த ஹெட் மாட்டிய டி ஒன்று 1923 இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தது.

இப்போது என்ஜின். இங்கே கொஞ்சம் நிதானமாக உட்காருங்கள். 1932 மார்ச்சில், நாடே பொருளாதார மந்தத்தில் முடங்கிக் கிடந்தபோது, ஃபோர்டு தன் வி8 என்ஜினை இறக்கினார். 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். எட்டு சிலிண்டர் புதிதல்ல. காடிலாக் 1914-இலேயே செய்துவிட்டது. ஆனால் அது வங்கி முதலாளிகள் ஏறும் வண்டி. ஃபோர்டு செய்த வித்தை, மொத்த பிளாக்கையும் ஒரே வார்ப்பாக, லட்சக்கணக்கில், மலிவாக வார்த்தது. நாலு சிலிண்டர் மாடலுக்கு மேல் 50 டாலர் வைத்தால் எட்டு சிலிண்டர். முதல் வருடம் அதில் எண்ணெய் குடிக்கிற வியாதியும் பிளாக் வெடிக்கிற வியாதியும் இருந்தன என்பது வேறு விஷயம். அந்த ஆண்டு விற்பனையில் ஃபோர்டை முந்தியது செவர்லேதான். கல்யாணத்தன்று பெண்ணை யாரும் பாராட்டவில்லை என்பதைக் கவனத்தில் வையுங்கள்.

இந்த என்ஜினில் வால்வுகள் மேலே இல்லை. பிளாக்கிலேயே, சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கின்றன. அதனால் ஹெட் என்பது மேலே போட்டு முறுக்குகிற வெறும் மூடி. பிளாட்ஹெட் என்ற பெயர் அதனால்தான். மூடிதானே, கொல்லைப்புறப் பட்டறைக்காரன்கூட அலுமினியத்தில் வார்த்து, அழுத்தத்தைக் கூட்டி விற்றுவிடலாம். விற்றார்கள். ஆனால் எரிந்த புகை வெளியேறும் பாதையை, குளிர்விக்கும் தண்ணீர் சூழ்ந்த பிளாக்குக்கு நடுவிலேயே கொண்டுபோயிருந்தார்கள். பக்கத்துக்கு நான்கு சிலிண்டர், வெளிவாசலோ மூன்றுதான். நடுவில் இருக்கும் இரண்டும் ஒரே வாசலில் முட்டி மோதி வெளியே வர வேண்டும். ஆகவே எந்நேரமும் கொதிக்கும். ரேடியேட்டர் கொதித்துச் சாலையோரம் நிற்கும்போது முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பழகுங்கள். அது கலையின் ஒரு பகுதி.

அடுத்து, எதை எதில் மாட்டுவது. அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொள்கிற மாதிரி, 1928-இலிருந்து 1948 வரை வந்த ஃபோர்டுகளுக்குள் பெரும்பாலான சாமான் கொஞ்சம் சில்லறை வேலையோடு ஒன்றுக்கொன்று பொருந்தும். அச்சு, கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் என எதைக் கழற்றினாலும் எங்காவது மாட்டலாம். முன்னும் பின்னும் குறுக்கே ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங் வைத்துத் தாங்குகிற எளிய அமைப்பை ஹென்றி ஃபோர்டு பிடிவாதமாக மாற்றாமலே வைத்திருந்தார். பொறியாளர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள், பையன்கள் கும்பிட்டார்கள். 1939-இல் ஒருவழியாக ஹைட்ராலிக் பிரேக் வந்ததும், அதைக் கழற்றிப் பழைய வண்டியில் மாட்டிக்கொண்டார்கள். பிளிமத்காரர் 11 ஆண்டுகளுக்கு முன்பே பெற்ற சுகம் இது. அவரிடம் இதைச் சொல்லாதீர்கள்.

செவர்லேயைக் கெடுத்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அந்த வண்டியின் ஆறு சிலிண்டர் என்ஜினில் வால்வுகள் மேலேயே இருந்தன, கணக்குப்படி நவீனமானது. ஆனால் பாடியின் தகட்டைப் பெயர்த்தால் உள்ளே மரச்சட்டம். பத்து வருடம் மழையில் நின்ற செவர்லேயின் கதவைத் திறந்தால், கதவு கையோடு வரும். அதைச் சரிசெய்ய வெல்டர் போதாது, தச்சரையும் கூப்பிட வேண்டும். ஃபோர்டிலும் மரம் இருந்தது. மிகக் குறைவாக இருந்தது.

ஃபோர்டுகளிலும் ஏன் குறிப்பாக 1932? இதற்கு மட்டும் உண்மையிலேயே அழகு ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். மட்கார்டைக் கழற்றினால் பெரும்பாலான வண்டிகள் வேட்டி அவிழ்ந்த கோலத்தில் நிற்கும். வெளியே தெரிவதற்கென்று செய்யப்படாத சேசிக் கம்பிகள் பல்லிளிக்கும். 1932 ஃபோர்டின் சேசிப் பக்கவாட்டில் மட்டும் நீளவாக்கில் ஒரு அழுத்தக் கோடு இழுத்து, அதை வெளியே தெரியும்படியே செய்திருந்தார்கள். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் அது முழுமையாக நின்றது. டியூஸ் என்று செல்லப்பெயரும் கிடைத்தது. பாடி இல்லாவிட்டாலும் அந்தச் சேசி மட்டும் போதும் என்று, அதன்மேல் மாடல் ஏ பாடியை வைத்து ஓட்டியவர்கள் ஏராளம். 1933, 34 மாடல்கள் அழகில் குறைந்தவை அல்ல, அவற்றையும் விட்டுவைக்கவில்லை.

கட்டி முடித்தால் ஓட்டிப் பார்க்க வேண்டும். தெருவில் வேண்டாம், போலீஸ்காரர் வைத்திருப்பதும் ஃபோர்டு வி8 ஆக இருக்கலாம். லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே பாலைவனத்தில் மியூராக், எல் மிராஜ் என்று வறண்ட ஏரிப்படுகைகள் இருக்கின்றன. 1937-இல் கார் மன்றங்கள் சேர்ந்து தொடங்கிய சதர்ன் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் அங்கே நேரம் கணக்கிட்டுச் சீட்டுக் கொடுக்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் போவது நல்லது: ராணுவத்தில் மெக்கானிக் வேலை கற்றுத் திரும்பிய பையன்கள், உபரியாகிப்போன போர்விமான எரிபொருள் தொட்டிக்குள்ளேயே ஃபோர்டு என்ஜினை வைத்து ஓட்டுவதைப் பார்க்கலாம். தொடங்கி வைத்தவர் பில் பர்க். 1948-இல் ஸ்டூ ஹில்போர்ன், கார்புரேட்டரைத் தூக்கிவிட்டுத் எரிபொருளை நேராகச் செலுத்தும் தன் சொந்த ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் அமைப்பை அதே பிளாட்ஹெட்டில் பொருத்தி, மணிக்கு 150 மைலைத் தாண்டினார். 65 குதிரையோடு பிறந்த என்ஜின் குடும்பம், ஞாபகமிருக்கட்டும்.

1955 வரை இந்த யோசனைகள் செல்லும். அந்த ஆண்டு செவர்லே 265 கன அங்குல வி8 ஒன்றை இறக்கியது. சின்னது, லேசானது, கொதிக்காதது, வால்வுகள் மேலே. அமெரிக்கச் சந்தையில் ஃபோர்டின் பிளாட்ஹெட் வி8 கார்கள் 1953-ஓடு முடிந்திருந்தன. இருபது வருட ஃபோர்டு விசுவாசம் என்ன ஆனது? ஃபோர்டு பாடியை வைத்துக்கொண்டு உள்ளே செவர்லே என்ஜினை மாட்டினார்கள்! லூயி செவர்லே செய்ததை இவர்கள் திருப்பிச் செய்தார்கள். விசுவாசிகள் இன்றும் இதற்காகச் சண்டை போடுகிறார்கள். நீங்கள் தலையிட வேண்டாம்.

வேறு பெயரோடுதான் போவேன் என்று அடம்பிடித்தால் வில்லிஸ் இருக்கிறது. புதிதில் பரிதாபப்பட வேண்டிய வண்டி, நாலு சிலிண்டர், நோஞ்சான். 1960களில் டிராக் ரேஸ்காரர்கள் அதன் எடை குறைவைக் கண்டுகொண்டு, 1941 வில்லிஸுக்குள் சூப்பர்சார்ஜர் வைத்த பெரிய வி8-களைத் திணித்தார்கள். ஸ்டோன், வுட்ஸ், குக் அணியின் வில்லிஸைப் பார்க்கவே கூட்டம் கூடியது. 1949 மெர்குரி மெதுவாக ஊர்வலம் போகிறவர்களுக்கு, உங்களுக்கு அல்ல.

கடைசியாக விலை. 1963-இல் பீச் பாய்ஸ் டியூஸ் பெயரில் இசைத்தட்டே போட்டார்கள். 1973-இல் 'அமெரிக்கன் கிராஃபிட்டி' படத்தில் மஞ்சள் நிற 1932 கூப்பே ஓடியது. அதற்குப் பிறகு காயலான் கடை விலையை மறந்துவிடுங்கள். எடுப்பார் இல்லாமல் கிடந்ததாலேயே எடுத்துக்கொள்ளப்பட்ட வண்டி, இன்று எடுக்க முடியாத விலையில் நிற்கிறது. அதனால் கண்ணாடியிழையிலும் புதுத் தகட்டிலும் 1932 பாடி செய்து விற்கிறார்கள். ஹென்றி ஃபோர்டு செய்ததைவிட அதிகமான 1932 ஃபோர்டுகள் இப்போது ஓடுகின்றன என்று ஹாட் ராட்காரர்களே சிரித்துக்கொள்வார்கள்.

வாங்குவதானால் அந்தப் புதுப் பாடியையே வாங்கி, ஆசை தீர அறுத்துக்கொள்ளுங்கள். யாராவது கிழவர் தன் கொட்டகையில் மட்கார்டும், கம்பி பிரேக்கும், எண்ணெய் குடிக்கும் பழைய என்ஜினுமாக முழு 1932 ஃபோர்டு ஒன்றை வைத்திருந்தால், தயவுசெய்து உங்கள் கேஸ் கட்டரோடு அந்தப் பக்கம் போகாதீர்கள்.