பொருள்: யாக் மேய்த்தல் தொடர்பாக

ஹட் பே,
ஆகஸ்ட் 2020

அனுப்புநர்: மூன்றாம் வகுப்புப் பையனுக்கும் எல்.கே.ஜி. பெண்ணுக்கும் அம்மா, ஹட் பே, லிட்டில் அந்தமான்.

பெறுநர்: இணையவழி வகுப்புகளை வகுத்தருளும் மேலிடம்.

பார்வை: 14.07.2020 அன்று மத்திய அரசு வெளியிட்ட 'பிரக்யாதா' வழிகாட்டுதல்கள்.

ஐயா / அம்மா,

தமிழில் எழுதுவதற்குப் பொறுத்தருளவும். இந்தத் தீவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததில் இந்தியில் மீன் விலை பேச வரும், சண்டை போட வரும். கெஞ்சுவதற்குத் தமிழ்தான் வருகிறது.

முதலில் அந்த மாட்டைப் பற்றி. பிரக்யாதா என்ற பெயரின் எட்டு ஆங்கில எழுத்துகளுக்கும் ஆளுக்கொரு வேலை கொடுத்திருக்கிறீர்கள். திட்டமிடு, பரிசீலனை செய், ஏற்பாடு செய், வழிகாட்டு என்று நன்றாகத்தான் போகிறது. ஐந்தாவது எழுத்து ஒய். அதற்கு 'யாக்' என்று போட்டு, பேசுதல் என்று பொருளும் சொல்லியிருக்கிறீர்கள். பேசுவதற்கு அப்படி ஒரு சொல் இருப்பது எனக்குத் தெரியாது. பையன் தன் பழைய படப்புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினான். ஒய் ஃபார் யாக்: சடை தொங்க நிற்கும் இமயமலை மாடு. "படிக்கலைன்னா மாடு மேய்க்கத்தான் போகணும்னு சொல்வியேம்மா, இப்ப பாடத்துலயே மாடு வந்துடுச்சே" என்கிறான். இருபது வருடமாக எங்கள் குடும்பத்தில் கைமாறி வந்த ஒரே மிரட்டலும் போயிற்று.

இனி என் ஐயங்கள். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை நாளுக்கு இரண்டு வகுப்புகளுக்கு மேல் கூடாது, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம் என்று சொல்லியிருக்கிறீர்கள். பிள்ளைகளின் கண்மேல் உங்களுக்குள்ள அக்கறைக்கு நன்றி. திரையில் வட்டம் சுழலும் நேரம் இந்தக் கணக்கில் சேருமா? சென்ற செவ்வாய்க்கிழமை டீச்சர் முகம் நான்கு நிமிடம் தெரிந்தது, மிச்சம் முப்பத்தாறு நிமிடம் வட்டம். பையன் கண் எடுக்காமல் பார்த்தான். வடிவங்கள் பாடத்தில் வட்டம் மட்டும் கேட்டால் முழு மதிப்பெண் வாங்கிவிடுவான். சேராது என்றால், அவன் மார்ச் மாதத்திலிருந்து பள்ளிக்கூடமே போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாமா?

சின்னவள் விஷயம் இன்னும் சிக்கல். மழலையர் வகுப்புக்கு நீங்கள் ஒதுக்கியுள்ள அரை மணி நேரம் பெற்றோரிடம் பேசி வழிகாட்டுவதற்காம். அப்படியானால் எல்.கே.ஜி. மாணவி நான்தானே. அந்த அரை மணி இதுவரை ஒருநாளும் என் கைக்கு வந்து சேரவில்லை. நிலுவையைக் கூட்டி மொத்தமாகத் தந்தால், தையல் மிஷினை நிறுத்திவிட்டு உட்காரத் தயார். ஆனால் வீட்டிலிருப்பது ஒரே போன். காலையில் அது என் வீட்டுக்காரரோடு வேலைக்குப் போய்விடும், சாயங்காலம் வரும். அந்தமானில் ஐந்தரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். காலைப் பாடத்தை நாங்கள் இருட்டில்தான் படிக்கிறோம்.

விடுமுறை நாளில் போன் கிடைத்தால் சிக்னல் தேடிக் கடலோரம் போகவேண்டும். எண்ணெய்ப்பனைத் தோட்டத்துப் பக்கம் ஒரு கோடுகூட வராது. 2004 சுனாமி புரட்டிப்போட்ட ஊர் இது. அதற்கப்புறம் பிள்ளையைத் தனியாகக் கடற்கரைக்கு அனுப்பாத வீடுகள் இங்கே உண்டு, எங்கள் வீடும் அதிலொன்று. இப்போது நானே அவனைக் கூட்டிப்போய்க் கல்மேல் உட்காரவைத்து, ஒரு கண்ணை அலைமேலும் ஒரு கண்ணைத் திரைமேலும் வைத்திருக்கிறேன். கண்ணுக்கு எத்தனை நிமிடம் என்று தாய்மாருக்கும் ஒரு வரம்பு சொன்னால் தேவலை.

நன்றி கெட்டவள் என்று நினைக்கவேண்டாம். சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வருவது தெரியும். 2018 டிசம்பர் 30 அன்று அடிக்கல், சுமார் 2,300 கிலோமீட்டர், சுமார் 1,224 கோடி ரூபாய். போர்ட் பிளேரும் இன்னும் ஏழு தீவுகளும் கொண்ட பட்டியலில் எங்கள் லிட்டில் அந்தமானும் இருக்கிறது. இதுவரை வானத்துச் செயற்கைக்கோள் வரை ஏறி இறங்கிய பாடம் இனி மீனோடு மீனாக நீந்தி வரும். இம்மாதம் 10ஆம் தேதி பிரதமர் காணொலி வழியே தொடங்கிவைத்தார். அந்த நேரலையைப் பார்க்கக் குடும்பத்தோடு உட்கார்ந்தோம். கேபிள் வந்ததைப் பார்க்க முதலில் கேபிள் வேண்டியிருந்தது. வட்டத்தைப் பார்த்துக் கைதட்டிவிட்டு எழுந்தோம்.

கடைசியாக ஒன்று. போன வார வீட்டுப்பாடம், 'என் ரயில் பயணம்' என்று பத்து வரி. அந்தமானில் தண்டவாளமே கிடையாது என்பது மேலிடத்துக்குத் தெரிந்திருக்கும். பையன் அசரவில்லை. அவனுடைய ரயில் ஜெட்டியிலிருந்து புறப்படுகிறது. டிக்கெட்டுக்கு வரிசை. ஏறினவுடன் பாட்டி வாந்தி எடுக்கிறாள். கடல் கொந்தளித்ததால் ரயில் ரத்தாகி, எல்லாரும் மூட்டையோடு வீடு திரும்புகிறார்கள். நான் ஒரு வரிகூடத் திருத்தவில்லை. போட்டோ எடுத்து டீச்சருக்கு அனுப்பி ஆறு நாளாகிறது, இன்னும் ஒற்றை டிக்தான்.

ஆகவே அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே இந்த விண்ணப்பத்தை எழுதி, அடுத்த கப்பலில் அனுப்புகிறேன். தாளைத் திருப்பிப் பார்த்து, பத்துக்கு எத்தனை என்று போட்டனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
எல்.கே.ஜி. மாணவி (வயது 34)