ஜெர்சி மாறும், தோள்பட்டை அதேதான்

இந்த முறை தபால் பையைக் கொட்டினால் ரக்பி கேள்விகளே ஒரு கட்டு தேறின. அதிலும் கிளப் விட்டு கிளப் போகும் வீரர்களைப் பற்றித்தான் அதிகம். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: கால்பந்தில் ஓர் ஆளை வாங்க ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் கொட்டுகிறார்கள். ரக்பி யூனியனில் என்ன ரேட்? (திருநெல்வேலி)

பெரும்பாலும் ஒரு பைசாகூட இல்லை. 2017-ல் நெய்மாருக்காக பார்சிலோனாவுக்கு பாரிஸ் கிளப் கட்டியது 22.2 கோடி யூரோ. ரக்பியில் ஒப்பந்தம் முடியும் வரை ஆடுகிறார்கள். முடிந்ததும் அடுத்த ஊருக்குப் பெட்டி கட்டுகிறார்கள். வீரருக்குச் சம்பளம் உண்டு, பழைய கிளப்புக்கு விலை கிடையாது. ஒப்பந்தத்தின் நடுவில் தூக்கிக்கொண்டு போனால்தான் மீதிக் காலத்துக்குப் பணம் பேச வேண்டும். 2021-ல் தென்னாப்பிரிக்க விங்கர் செஸ்லின் கோல்பேயை துலூஸிடமிருந்து துலோன் அப்படித்தான் எடுத்தது. (பெயர்கள் அண்ணன் தம்பி மாதிரி ஒலித்தாலும் இரண்டும் வேறு வேறு ஊர்.) பத்து லட்சம் யூரோவுக்கு மேல் கைமாறியதாகப் பிரெஞ்சுப் பத்திரிகைகள் எழுதின. கால்பந்துக்காரர்களுக்கு அது சில்லறை. ரக்பி உலகம் மூக்கில் விரல் வைத்தது.

கேள்வி: கிளம்பப் போகிறோம் என்று தெரிந்த பிறகு மனசு அடுத்த கிளப்பில் போய் உட்கார்ந்துகொள்ளாதா? (காரைக்குடி)

மனசு எங்கே போனாலும், எதிரே 120 கிலோ ஆள் ஓடி வரும்போது உடம்பு இங்கேதான் இருந்தாக வேண்டும். ஸ்காட்லாந்தின் ஃபின் ரஸ்ஸல் இங்கிலாந்தின் பாத் கிளப்புக்குப் போகிறார் என்று 2022 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். அந்த சீசன் முடியும் வரை பாரிஸின் ரேசிங் 92 அணிக்குத்தான் ஆடினார். ரக்பியில் இது சர்வசாதாரணம். போன இடத்திலும் வஞ்சகம் வைக்கவில்லை: 2025 ஜூனில் லெஸ்டரை 23-21 என்று வென்று பாத் லீக் பட்டம் எடுத்தது. 1996-க்குப் பிறகு அதுதான் முதல் முறை.

கேள்வி: ரக்பியில் ஒரு காலத்தில் பணம் வாங்கினாலே குற்றமாமே? (கும்பகோணம்)

குற்றம் என்பது சின்ன வார்த்தை. ஊர்விலக்கு என்றே சொல்லலாம். 1895-ல் வட இங்கிலாந்தின் சுரங்கத்திலும் மில்லிலும் வேலை பார்த்தவர்கள் சனிக்கிழமை ஆட வந்தால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியை மட்டும் கிளப் ஈடுகட்டட்டும் என்று கேட்டார்கள். தலைமைச் சங்கம் முடியாது என்றது. ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி வட இங்கிலாந்து கிளப்புகள் தனியே பிரிந்தன. பிற்பாடு ரக்பி லீக் என்று பெயர் பெற்ற தனி ஆட்டம் அப்படிப் பிறந்ததுதான். பழைய ஆட்டம்தான் ரக்பி யூனியன்.

அன்றிலிருந்து யூனியன் வீரர் ஒருவர் பணத்துக்காக லீக் பக்கம் போனால் யூனியனில் அவருக்கு ஆயுள் தடை. 1989-ல் வேல்ஸின் தலைசிறந்த ஃபிளை-ஹாஃப் ஜோனதன் டேவிஸ், லனெல்லியை விட்டு விட்னெஸ் என்ற லீக் கிளப்புக்குப் போனார். ஊரே துக்கம் காத்தது. பிரிந்து நூறு ஆண்டு நிறையச் சில நாள் இருக்கையில், 1995 ஆகஸ்ட் கடைசியில், பாரிஸில் கூடிய சர்வதேச வாரியம் இனிச் சம்பளம் வாங்கலாம் என்று அறிவித்தது. டேவிஸ் அந்த ஆண்டே கார்டிஃப் கிளப்பில் மறுபடி யூனியன் ஆடினார். அன்றாடங்காய்ச்சி தன் கூலியைக் கேட்டதற்கு ஒரு நூற்றாண்டுத் தண்டனை. விளையாட்டு உலகில் இதைவிடப் பெரிய அநியாயத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

கேள்வி: கிளப்புகள் வலை வீசித் தேடுவது எந்த இடத்து ஆளை? (ஈரோடு)

10-ம் எண் ஃபிளை-ஹாஃபுக்குச் சம்பளம் அதிகம். ஆட்டத்தை ஓட்டுபவர் அவர். ஆனால் பயிற்சியாளர்கள் தூக்கத்தில் தேடுவது 3-ம் எண் ஆளை. டைட்-ஹெட் ப்ராப் என்பார்கள்.

பந்துக்காக இரண்டு அணிகளும் குனிந்து முட்டித் தள்ளும் ஸ்க்ரமைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். பக்கத்துக்கு எட்டுப் பேர், ஒரு பக்கம் மட்டும் 900 கிலோவைத் தொடும். முன்வரிசையின் வலது முனையில் இருப்பவர் 3-ம் எண். எதிர் அணியின் இரண்டு பேருக்கு நடுவில் அவர் தலை போய்ச் சொருகிக்கொள்ளும். முன்னாலிருந்து இரண்டு பேர் முட்டுவார்கள். பின்னாலிருந்து சொந்த அணி தள்ளும். இரண்டுக்கும் இடையில் ஒரே ஒரு கழுத்து. அவர் முதுகு வளைந்தால் ஸ்க்ரம் சரியும்; சரிந்தால் பெனால்டி; பெனால்டி என்றால் மூன்று புள்ளி போகலாம். அந்தக் கழுத்து பக்குவப்பட 26, 27 வயதாகிவிடும். அதனால்தான் தட்டுப்பாடு.

நியூசிலாந்தின் கார்ல் ஹேமன் அப்படிப்பட்ட 3-ம் எண். 45 டெஸ்ட். 2007-ல் அவர் நியூகாசிலுக்குப் போனபோது உலகிலேயே அதிகச் சம்பளம் வாங்கும் ரக்பி வீரர் என்று எழுதினார்கள். பிறகு துலோன், அங்கே மூன்று ஐரோப்பியக் கோப்பை. 2015-ல் ஓய்வு. 2021-ல், 41 வயதில், தனக்கு இளவயது மறதிநோய் என்று வெளிப்படையாகச் சொன்னார். தலையில் திரும்பத் திரும்பப் பட்ட அடியே காரணம் என்று வழக்குத் தொடுத்த முன்னாள் வீரர்களோடு அவரும் சேர்ந்தார்.

"காசுக்காகக் கிளப் மாறுகிறான்" என்று எந்த ரக்பி வீரரைப் பற்றியும் நான் பேசாததற்கு இதுதான் காரணம். அவர் விற்கிற சரக்கு அவருடைய உடம்பு. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் தீர்ந்துபோகும் சரக்கு.

கேள்வி: துலோன், துலோன் என்கிறீர்களே, அங்கே அப்படி என்ன? (நாகர்கோவில்)

மத்தியதரைக் கடலோரக் கடற்படைத் துறைமுகம். ஃபெலிக்ஸ் மயோல் என்ற பாடகர் கொடுத்த மைதானத்தில் ஆடுகிறார்கள். அவர் கோட்டில் செருகிக்கொண்ட சின்ன வெள்ளைப் பூங்கொத்துதான் இன்றும் கிளப்பின் சின்னம். காமிக்ஸ் புத்தகம் போட்டுச் சம்பாதித்த மூராத் பூஜெலால் 2006-ல் கிளப்பை எடுத்தார். அப்போது துலோன் இரண்டாம் டிவிஷன். அந்த டிவிஷனுக்கே நியூசிலாந்தின் முன்னாள் கேப்டன் டானா உமாகாவை இழுத்து வந்தார். பின்னாலேயே ஜார்ஜ் கிரேகன், விக்டர் மேட்ஃபீல்ட் என்று நட்சத்திரங்கள். வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்தவர்கள் உண்டு.

2009-ல் ஜானி வில்கின்சன் வந்தார். இங்கிலாந்துக்கு 2003 உலகக் கோப்பையை ஒரு டிராப்-கோலில் வாங்கித் தந்தவர். பன்னிரண்டு சீசன் நியூகாசிலில் இருந்து, காயத்துக்கு மேல் காயம் பட்டு, முடிந்த கதை என்று பலர் எழுதிவிட்ட ஆள். பிரெஞ்சு கற்றுக்கொண்டார், எல்லோரும் போன பிறகும் நின்று பந்தை உதைத்துக்கொண்டிருந்தார். 2013-லும் 2014-லும் ஐரோப்பியக் கோப்பை. 2014-ல் பிரெஞ்சுப் பட்டமும் வாங்கிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றார். ஒரு கிளப் மாற்றம் ஒரு மனிதனுக்கு இரண்டாம் ஆயுள் தர முடியும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சாட்சி தெரியாது.

கேள்வி: வெளிநாட்டு ஆட்களாகவே இறக்கினால் பிரெஞ்சுப் பையன்களின் கதி? (மதுரை)

அந்தக் கேள்வியை பிரான்ஸே கேட்டுக்கொண்டது. உள்ளூர்ப் பயிற்சியில் வளர்ந்தவர்கள் 23 பேர் பட்டியலில் சராசரியாக 16 பேர் இருக்க வேண்டும் என்று லீக் படிப்படியாகக் கொண்டுவந்து நிறுத்தியது. 2018, 2019, 2023 மூன்று முறையும் 20 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டம் பிரான்ஸுக்கு. விதி வேலை செய்கிறது.

கேள்வி: பணக்கார கிளப் எல்லோரையும் வளைத்துப் போட்டால்? (சேலம்)

அதற்குத்தான் சம்பள உச்சவரம்பு. மீறினால் என்ன ஆகும் என்று சாரசென்ஸைக் கேளுங்கள். இங்கிலாந்தின் சாம்பியன் கிளப். அப்போது உச்சவரம்பு 70 லட்சம் பவுண்டு. கிளப் முதலாளி சில வீரர்களோடு சேர்ந்து தொழிலிலும் வீட்டிலும் முதலீடு செய்திருந்தார். அதைச் சம்பளக் கணக்கில் காட்டவில்லை. 2019 நவம்பரில் 35 புள்ளி வெட்டு, 53 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம். அடுத்த ஜனவரியில் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்படுவது உறுதியானது. ஓவன் ஃபாரல், மாரோ இட்டோஜே போன்ற பெருந்தலைகள் கிளப்போடு கீழே இறங்கி ஆடினார்கள். தண்டனை கடுமைதான், நியாயமானதுதான். ஒழுங்காகக் கணக்குக் காட்டிய கிளப்புகளின் ரசிகர்களுக்கு வேறு என்ன பதில் சொல்ல முடியும்?

கேள்வி: கிளப்பே திவாலானால் வீரர் என்ன செய்வார்? (விருதுநகர்)

2022 அக்டோபர் 5 அன்று இங்கிலாந்தின் வூஸ்டர் கிளப் வீரர்களின் ஒப்பந்தங்களை வைத்திருந்த கம்பெனியை லண்டன் நீதிமன்றம் கலைத்தது. காலையில் சம்பளக்காரர், மாலையில் வேலை தேடுபவர். அதே மாதம் வாஸ்ப்ஸ் கிளப்பும் விழுந்தது. அங்கே வேலையிழந்த ஜாக் வில்லிஸ் அடுத்த மாதமே துலூஸில் சேர்ந்தார். 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் பிரெஞ்சுப் பட்டம் வென்ற அணியில் அவர் இருந்தார்.

கேள்வி: அவ்வளவு நன்றாக ஆடுபவரை இங்கிலாந்து எடுக்க வேண்டியதுதானே? (தஞ்சாவூர்)

எடுக்காது. விசேஷக் காரணம் இருந்தாலொழிய, வெளிநாட்டு கிளப்பில் ஆடினால் இங்கிலாந்து ஜெர்சி இல்லை என்பது விதி. கிளப் திவாலானதை விசேஷக் காரணமாக ஏற்று வில்லிஸுக்கு முதல் சீசன் மட்டும் சலுகை தந்தார்கள். பிறகும் துலூஸிலேயே தொடர்ந்ததால் கதவு மூடியது. அவருக்கு முன் ஸ்டெஃபன் ஆர்மிடேஜ்: 2014-ல் ஐரோப்பாவின் சிறந்த வீரர், ஆடியது துலோனில். 2015 உலகக் கோப்பைக்கு அவரை எடுக்கவில்லை. சொந்த மண்ணில் நடந்த அந்தப் போட்டியில் இங்கிலாந்து முதல் சுற்றோடு வெளியேறியது.

நியூசிலாந்தும் கண்டிப்புதான். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது: நட்சத்திரங்கள் எல்லாம் போய்விட்டால் உள்ளூர் லீக்கை யார் பார்ப்பார்கள்? ஆனால் தென்னாப்பிரிக்கா எங்கே ஆடினாலும் வா என்கிறது. 2023 உலகக் கோப்பை இறுதியில் 12-11 என்று நியூசிலாந்தை வென்றபோது ஆட்டநாயகன் பீட்டர்-ஸ்டெஃப் டு டோய்ட். 28 டாக்கிள், அதாவது பந்தோடு ஓடி வருபவரை 28 முறை மடக்கி வீழ்த்தினார். அப்போது அவர் கிளப் ஆட்டம் ஆடியது ஜப்பானில், டொயோட்டா அணிக்கு. சம்பாதிக்கப் போன பிள்ளையை வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடாமல் இருப்பது எந்த ஊர் வழக்கம்? என் ஓட்டு தென்னாப்பிரிக்காவுக்கு.

கேள்வி: ஒப்பந்தத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடியவர் உண்டா? (கோவை)

உண்டு. 2008 ஜூலையில் சோனி பில் வில்லியம்ஸ், சிட்னியின் ரக்பி லீக் கிளப்பிடம் சொல்லிக்கொள்ளாமல் விமானம் ஏறி துலோனில் இறங்கினார். வழக்கு, சமரசம், பெருந்தொகை இழப்பீடு. பிறகு நியூசிலாந்துக்காக இரண்டு உலகக் கோப்பை வென்ற மேதைதான். ஆனாலும் அன்று செய்தது தப்பு. வீரர்கள் பக்கம் நிற்கிற நானும் அதைத் தப்பென்றே சொல்வேன். கையெழுத்து கையெழுத்துதான்.

கேள்வி: இந்த வியாபாரத்தில் நஷ்டப்படுவது யார்? (புதுச்சேரி)

ஃபிஜி, சமோவா, டோங்கா. உலகின் பெரிய லீக்குகள் எல்லாவற்றிலும் இந்தத் தீவுப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். ஒருவர் சம்பளத்தில் ஊரில் பெரிய குடும்பமே சாப்பிடுகிறது. சர்வதேச ஆட்டக் காலங்களில் வீரரை நாட்டுக்காக விடுவிக்க வேண்டும் என்று உலக அமைப்பின் விதி தெளிவாகச் சொல்கிறது. ஆனால் "நாட்டுக்கு ஆட மாட்டேன் என்று சொன்னால் ஒப்பந்தம்" என்று தங்களை நெருக்குவதாகத் தீவு வீரர்கள் பல ஆண்டாகச் சொல்லி வருகிறார்கள். முன்னாள் சமோவா வீரர் டான் லியோ 2020-ல் இதையே ஆவணப்படமாக எடுத்தார். அப்படி நெருக்குபவர்களை எந்த உச்சவரம்பு மீறலையும்விடக் கடுமையாகத் தண்டிக்க வேண்டும்.

நல்ல செய்தியும் உண்டு. 2022-ல் ஃபிஜியன் துருவா என்ற அணி சூப்பர் ரக்பி போட்டியில் சேர்ந்தது. சுவாவிலும் லவுடோகாவிலும் சொந்த ஜனங்கள் முன்னால், சம்பளத்தோடு ஆட ஒரு கிளப். அடுத்த ஆண்டே உலகக் கோப்பையில் ஃபிஜி ஆஸ்திரேலியாவை 22-15 என்று வென்றது. 69 ஆண்டில் முதல் வெற்றி. அந்த அணியில் துருவா பிள்ளைகள் ஏராளம். ஊரிலேயே சோறு கிடைத்தால் யார் கடல் தாண்டுவார்கள்?

கேள்வி: நம்ம சென்னைக்கு ரக்பி டீம் இருக்கிறதாமே? (தாம்பரம்)

சென்னை புல்ஸ். 2025 ஜூனில் மும்பை அந்தேரியில் நடந்த ரக்பி பிரீமியர் லீக், ஏழு பேர் ஆட்டம். வெளிநாட்டவரும் இந்தியரும் கலந்த அணிகள் ஆறு. முதல் கோப்பையே சென்னைக்கு.

கேள்வி: இதுவரை ரக்பி பார்த்ததே இல்லை. டிவி முன்னால் உட்கார்ந்தால் எங்கே கண்ணை வைப்பது? (திண்டுக்கல்)

பந்து வைத்திருப்பவரை கேமராவே காட்டிவிடும். நீங்கள் 3-ம் எண் ஜெர்சியைத் தேடுங்கள். ஸ்க்ரம் கலைந்ததும் எல்லோரும் பந்துக்குப் பின்னால் ஓடுவார்கள். அவர் ஒரு கையை ஊன்றி, கழுத்தை ஒரு தரம் நீவிவிட்டு, கடைசியாக எழுந்து ஓடுவார். எந்த கிளப்பிலிருந்து வந்தார், அடுத்த வருஷம் எங்கே போகிறார் என்று பார்க்க வேண்டாம். அவருக்கு ஒரு கைதட்டு கொடுங்கள்.