வருந்தும் பொறி

வாடிக்கையாளரும் நிறுவனமும் இனி மல்லுக்கட்ட வேண்டாம். இரு தரப்புக்கும் மென்பொருளே பேரம் பேசி, இருவரும் திருப்தியடையும் முடிவைக் கண்டுவிடும் என்று கணினி ஆய்வாளர்கள் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். நிறுவனங்கள் தங்கள் தரப்புப் பொறியை வாங்கி வாசலில் உட்கார வைத்தாயிற்று. நம் தரப்பில் பேசுவது இன்னும் நம் கட்டைவிரல்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு வந்த சாப்பாட்டுப் பையில் சாம்பார் கவிழ்ந்து, சோறு, அப்பளம், பில் எல்லாம் ஊறிக் கிடந்தன. செயலியில் 'உதவி'யை அழுத்தினேன். இனிமையான பெண் பெயரில் ஒரு பொறி வந்து வருந்தியது. போட்டோ கேட்டது, அனுப்பினேன். மறுபடி வருந்திவிட்டு, நாற்பது ரூபாய்க் கூப்பன் தருவதாகச் சொன்னது. அடுத்த ஆர்டரில்தான் கழியும், அதுவும் மூன்று நாளைக்குள் வாங்கினால். "கூப்பன் வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடு" என்று தட்டினேன். வருத்தம் கூடியது, கூப்பன் கூடவில்லை. "மனிதரிடம் பேச வேண்டும்" என்றேன். "மன்னிக்கவும், புரியவில்லை. கீழே உள்ளவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்." கீழே இருந்தவற்றில் மனிதர் இல்லை. கடைசியில் ஐந்து மஞ்சள் முகங்களைக் காட்டி, என் திருப்தியை அளந்து தரச் சொன்னது!

இதற்குப் பெயர் பேரமா? காய்கறிக்காரம்மா விலை இறங்கவில்லையென்றால் எழுந்து நடக்கலாம். நாலடி வைப்பதற்குள் அவரே கூப்பிடுவார். இங்கே காசு முன்னாடியே நிறுவனத்தார் கைக்குப் போயாயிற்று. எழுந்து எங்கே போவது?

பொறிக்கு அதிகாரம் கொடுக்கத் தெரியாதவர்கள் அல்ல இவர்கள். வால்மார்ட் தன் சப்ளையர்களோடு பேரம் பேசவே மென்பொருளை வைத்திருக்கிறது. அது ஒப்பந்தத்தையே பேசி முடிக்கிறது. மிச்சம் பிடிப்பது முதலாளிக்கு என்றால் பொறி பொது மேலாளர். திருப்பித் தருவது நமக்கு என்றால் அது வெறும் வருந்தும் கருவி.

தப்பித்தவறிப் பொறி நமக்கு 'சரி' சொல்லிவிட்டால்? 2023 டிசம்பரில் கலிபோர்னியாவின் வாட்சன்வில்லில் ஒரு செவ்ரோலே விற்பனையகத்தின் அரட்டைப் பொறி, பெரிய டாஹோ காரை ஒரு டாலருக்குத் தருவதாக ஒப்புக்கொண்டது. குறும்புக்காரர் ஒருவர் அதை அப்படிப் பேச வைத்திருந்தார். கார் வரவில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதது ஏர் கனடா கதை. பாட்டி இறந்துபோன துக்கத்தில் பயணம் செய்த ஒருவரிடம், துக்கச் சலுகைக்கு டிக்கெட் வாங்கிய பிறகும் விண்ணப்பிக்கலாம் என்றது அந்நிறுவனத்தின் பொறி. நம்பி டிக்கெட் வாங்கியவருக்கு நிறுவனம் கையை விரித்தது. தீர்ப்பாயத்தில் அது வைத்த வாதத்தைக் கேளுங்கள்: பொறி தனியொரு சட்ட ஆளாம், தன் பேச்சுக்குத் தானே பொறுப்பாம். சம்பளம் இல்லை, சொத்து இல்லை, பொறுப்பு மட்டும் உண்டு! பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதைத் தள்ளி, ஏறத்தாழ 812 கனடா டாலர் கட்டச் சொன்னது. பொறி 'இல்லை' என்றால் அது கம்பெனிக் கொள்கை. 'ஆமாம்' என்றால் யாரோ வழிப்போக்கன் உளறியது. இந்தத் துணிச்சலுக்கு வெட்கம் என்ற சொல் போதாது.

நமக்காகப் பேச வந்த பொறியின் யோக்கியதையும் தெரிந்ததுதான். 'ரோபோ வக்கீல்' என்று மார்தட்டிய டூநாட்பே, காம்காஸ்ட் இணைய நிறுவனத்தோடு பேசி பில்லைக் குறைத்துக் காட்டியதாக 2022-இல் கைதட்டல் வாங்கியது. 2024-இல், வக்கீலுக்கு ஈடு என்ற விளம்பரத்துக்காக அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் நடவடிக்கைக்கு ஆளாகி, 1,93,000 டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

இந்தியாவிலும் 2023 நவம்பரில் வாடிக்கையாளரை ஏய்க்கும் 13 திரைத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடைசெய்தார்கள். மனிதரை ஒளித்துவைப்பது பட்டியலில் தனியாக இல்லை. அதையும் சேர்க்க வேண்டும். அதுவரை பொறி சொல்வதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கனடாக்காரரின் கையில் இருந்ததும் அதுதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூப்பனை வாங்காதீர்கள்.