ஊஃபர் வைத்தியர்

சென்னை ரிச்சி தெருவில் பழைய ஸ்பீக்கர் பெட்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். விலை கேட்க மாட்டார். முன்வலையைக் கழற்றி, ஊஃபரின் ஓரத்தை விரலால் தொடுவார். ஃபோம் கரியாக உதிர்ந்தால் முகம் மலரும். உறுதியாக இருந்தால் "வேணாம்ப்பா" என்று எழுந்துவிடுவார். நோயில்லாத இடத்தில் வைத்தியருக்கு என்ன வேலை?

யாராவது சிக்கினால் வரலாறு தொடங்கும். 1954-இல் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர், மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக்கினார். கோன் தாராளமாகப் போய்வர ஓரம் மிருதுவாக இருக்க வேண்டும். பின்னால் அந்த இடத்துக்குப் பாலியூரித்தேன் ஃபோம் வந்தது. 15, 20 வருஷத்தில், பாடினாலும் பாடாவிட்டாலும், காற்றின் ஈரத்திலேயே மக்கிவிடும். "நம்ம மெட்ராஸ்ல அதுக்கும் முன்னாடியே!" என்பார், ஊர்ப் பெருமையோடு.

ஆபரேஷன் சாப்பாட்டு மேஜையில். பழைய பசையைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, நடுவிலுள்ள தூசி மூடியை பிளேடால் பிரிப்பார். வாய்ஸ் காயில் உரசாமல் நட்டநடுவில் நிற்க, இடைவெளியில் மெல்லிய பட்டைகள் சொருக வேண்டும். அதற்கு எக்ஸ்ரே ஃபிலிம்தான் உத்தமம். மாமியாரின் முழங்கால் இப்போது நாலு ஊஃபர்களைத் தாங்கியிருக்கிறது. டாக்டர்தான் பழைய படத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பசை காய ஒரு நாள். அதுவரை குடும்பத்துக்குத் தரையில் பந்தி. மறுநாள் விரல்களால் கோனை மெல்ல அமுக்கி, 'கர்' என்று உரசுகிறதா என்று மூச்சடக்கிக் கேட்பார். பிறகு ஒன்றரை வோல்ட் பேட்டரி. பிளஸ்ஸைச் சிவப்பு முனையில் தொட்டால் கோன் வெளியே வர வேண்டும். பழைய ஜேபிஎல் மட்டும் உள்ளே போகும். அது நோயல்ல, அந்தக் கம்பெனியின் வழக்கம். இந்த ரகசியம் பால்காரருக்கும் தெரியும்.

கடைசியில் இளையராஜா பாட்டு ஒலிக்கும். பல்லவி முடிவதற்குள் நிறுத்திவிடுவார். பேஸ் கிடார் சரியாக வந்ததா என்பதுதான் கேள்வி. பாடியது யார் என்பது அவர் துறையல்ல.

"என்னங்க, ஒரு தடவை முழுசாத்தான் போடுங்களேன்" என்பார் மனைவி.

"இரும்மா, இடது பக்கம் கொஞ்சம் கம்மியா இருக்கு."

மீதிப் பாட்டை மனைவி அடுப்படியில் செல்போனில் போட்டுக் கேட்பார். ஹாலிலிருந்து உடனே குரல் வரும்:

"யாரது அங்க பாட்டுப் போட்டது? இங்க ஸ்பீக்கர் டெஸ்ட் பண்றது தெரியலையா?"