சும்மா இருக்கத் தெரியாதவன்

அக்னி நட்சத்திரத்தில் மதுரைக்கு மழை வந்தால் அது தனியாக வராது. முதலில் புழுதி வரும். பின்னாலேயே யார் வீட்டு மொட்டைமாடியிலிருந்தோ கிளம்பிய தகரம் வரும். கடைசியில் நாலு தூறல். அதற்குள் கரண்ட் போயிருக்கும். அன்று பழங்காநத்தத்தில் எங்கள் தெருவில் வேப்பங்கிளை முறிந்து வயர் மேல் விழுந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குப் போன கரண்ட் ராத்திரி பத்தரைக்கு வந்தபோது தெருப் பிள்ளைகள் எல்லாம் 'ஹோ'வென்று கத்தினார்கள். நானும் கத்தினேன். எனக்கு வயது ஐம்பத்து மூன்று.

லைட் எரிந்தது, ஃபேன் சுற்றியது. ஏசி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

ரிமோட்டில் பேட்டரி தீர்ந்திருக்கும் என்று சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிப் போட்டேன். இப்போது ஏசியோடு கடிகாரமும் ஓடவில்லை. ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மறுபடி அணைத்துப் போட்டேன். ஸ்டெபிலைசரில் ஒரு மஞ்சள் விளக்கு என்னைப் பார்த்துக் கண்ணடித்தது. ஷார்ட் சர்க்யூட்டின் அறிகுறி என்று முடிவு கட்டி அதையும் அணைத்துப் போட்டேன். டார்ச்சோடு மாடிக்குப் போய் அவுட்டோரைப் பார்த்தேன். அதன் மேல் ஒரு கூடை வேப்பிலையும் யாரோ ஒருவரின் லுங்கியும் கிடந்தன. வேப்பிலையை எடுத்ததும் சரியாகிவிடும் என்று நம்பியது ஏன் என்று கேட்காதீர்கள், ஊர் வழக்கம்.

வேலை நடக்காத இடத்தில் விளக்கமாவது நடக்கட்டும் என்று மனைவிக்கு வகுப்பெடுத்தேன். "ஒன்றரை டன் என்பது ஏசியோட எடை இல்லை. ஒரு டன் ஐஸ்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுக்குமோ, அதுதான் ஒரு டன்."

"ஆறு மணிக்கே சொல்லியிருந்தா பத்து ரூபாய்க்கு ஐஸ் வாங்கியிருக்கலாம்ங்க."

விடவில்லை நான். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் இந்த ஏற்பாட்டை வடிவமைத்தார், காற்றின் ஈரத்தில் தாள் விரிந்து சுருங்கி வண்ணங்கள் இடம் மாறி விழுந்ததுதான் காரணம், மனுஷனுடைய வேர்வை இல்லை என்றேன். "அப்ப சிவகாசி காலண்டருக்குத்தான் குடுத்து வச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு விசிறிமட்டையோடு மாடிக்குப் போய்விட்டாள். பாதுகாப்புக்காக ஸ்டெபிலைசரை அணைத்துவிட்டு நானும் போனேன். ஈரத் தரையில் பாய் விரித்துப் படுத்தவனுக்குக் காலையில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

எட்டு மணிக்கு மெக்கானிக் தம்பி வந்தார். நான் கம்ப்ரஸர், கெப்பாசிட்டர், கேஸ் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். அவர் ஸ்டெபிலைசரைப் போட்டார், மஞ்சள் விளக்கைப் பார்த்தார், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "அக்கா, ஒரு டீ கிடைக்குமா?"

என் கை ஸ்விட்சை நோக்கிப் போனது. "அண்ணே, தொடாதீங்க."

டீ வந்தது. ஆற்றிக் குடித்தார். கடைசி மடக்கில் ஸ்டெபிலைசருக்குள் 'டக்'. விளக்கு பச்சையானது. ரிமோட்டை அமுக்கியதும் ஏசி வாயைத் திறந்தது.

நின்றுபோன கம்ப்ரஸருக்குள் ஒரு பக்கம் கேஸ் அழுத்தம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்குமாம். இரண்டும் சமமாகாமல் மோட்டாரைக் கிளப்பினால், முட்டுக்கட்டையை எடுக்காமல் சித்திரைத் தேரின் வடத்தை இழுத்த கதைதான். போதாததற்குக் கரண்ட் வந்தவுடன் தெரு முழுக்க ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் போடுவதால் வோல்டேஜ் வேறு ஏறி இறங்கும். அதனால் ஸ்டெபிலைசர் மூன்று நிமிடம் பொறுத்துத்தான் கரண்டை விடும். நடுவில் அணைத்தால் முதலிலிருந்து எண்ணும். "நீங்க ராத்திரி எத்தனை தடவை அணைச்சீங்கண்ணே?" என்றார். மனைவி எனக்கு முன்னால் பதில் சொன்னாள்: "எண்ணலை தம்பி, கடிகாரமும் ஓடலை."

திருப்பரங்குன்றம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அங்கிருக்கும் முருகன்தான் அருணகிரிநாதரைச் சும்மா இருக்கச் சொன்னவர். எனக்கு அதைச் சொல்ல முந்நூறு ரூபாய் விசிட்டிங் சார்ஜ் ஆனது, டீ தனி.

இப்போதெல்லாம் கரண்ட் போய் வந்தால் என் மனைவி முதலில் ரிமோட்டை எடுத்து அரிசி டின்னுக்குள் போடுகிறாள். அப்புறம் எனக்கு டீ போடுகிறாள், ஆற்றிக் குடிக்கும் சூட்டில்.