'நோ'வில் தொடங்கும் பெயர்

பிள்ளை பெறுவது இரண்டு பேர் பாடு. பெயர் வைப்பது மட்டும் ஊர்ப்பாடு. திருநெல்வேலிப் பக்கம் இது இன்னும் கொஞ்சம் கூடுதல். எங்கள் மகள் பிறந்த சேதி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் வீட்டில் ஆளுக்கொரு பெயரோடு கட்சிகள் உருவாகிவிட்டன.

முதல் கட்சி அம்மா. மகன் வீட்டுப் பேத்திக்கு என் அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்பது அவள் கொள்கை. ஆச்சியின் பெயர் பேச்சியம்மாள். இதை நான்தான் சொல்கிறேன்; அம்மா சொல்லவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியார் பெயர் அவள் வாயில் வந்ததே இல்லை. பேச்சிமுத்து என்ற பால்காரரைக்கூட "பால்காரத் தம்பி" என்றுதான் கூப்பிடுவாள்.

"அப்ப பிள்ளைய எப்படிக் கூப்பிடுவிய அத்தை?" என்று கேட்டாள் என் மனைவி.

"அதுக்கென்ன, 'ஏ பிள்ள'ன்னு கூப்பிடுவேன்."

இதில் வேறொரு சிக்கலும் உண்டு. பெரியப்பா மகனுக்கு எங்கள் தாத்தா பெயர். அவன் சேட்டை செய்யும்போது மாமனார் பெயரைச் சொல்லித் திட்ட முடியாமல் பெரியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "வாங்க, கொஞ்சம் இங்க வாங்க" என்று மரியாதையாக அழைத்து முதுகில் இரண்டு வைப்பாள்.

இரண்டாம் கட்சி என் மாமனார். பழைய தொழிற்சங்கக்காரர். அவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: வாலண்டினா. 1963-இல் விண்வெளிக்குப் போன முதல் பெண், வாலண்டினா தெரஷ்கோவா. அவர் வீட்டுச் சுற்றத்தில் லெனின்கள் உண்டு, ஸ்டாலின்கள் உண்டு. பெண் பெயர்தான் பாக்கி. "பொம்பளப் பிள்ளைக்கு வால் வேறயா?" என்றாள் அம்மா. சம்பந்தி அன்றைக்குக் காப்பி குடிக்காமலே கிளம்பிப் போனார்.

மூன்றாம் கட்சி என் தங்கை. எங்கள் பக்கம் தொட்டிலில் போடும்போது பிள்ளையின் காதில் மூன்று முறை பெயர் சொல்கிறவள் அத்தைதான். அந்த அதிகாரம் கையில் இருக்கிற தெம்பில் செல்போனோடு வந்து உட்கார்ந்தாள். தியாஷிகா, ஹன்விகா, ரியான்ஷி. எல்லாவற்றுக்கும் 'இளவரசி' அல்லது 'லட்சுமி' என்று அர்த்தம் போட்டிருந்தது. "இது எந்தப் பாஷை?" என்று கேட்டேன். "மாடர்ன்" என்றாள்.

நான்காவது என் மனைவி. பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை. சண்டையெல்லாம் அடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, நிதானமாகச் சொன்னாள்: "நொச்சி."

வீட்டில் சிறிது நேரம் மின்விசிறி மட்டும்தான் பேசியது.

"நொச்சியா?" என்றாள் அம்மா. "ஏளா, சளி பிடிச்சா வெந்நியில போடுத தழையைக் கொண்டாந்து பிள்ளைக்குப் பேருங்க?" நெல் குதிருக்குள் வண்டு வராமல் இருக்கப் போடுவதும் அதுதான் என்று நினைவூட்டினார் பக்கத்து வீட்டு ஆச்சி. சென்னை மாநகராட்சி கொசுவை விரட்ட வீடுவீடாகக் கொடுத்த செடிதானே என்றாள் தங்கை. ஒரு செடிக்கு இத்தனை நல்ல குணம் இருப்பது ஒரு பெயருக்கு இவ்வளவு கெட்டதாகப் போகும் என்று நான் நினைத்ததில்லை.

மனைவி விடவில்லை. பகைவன் கோட்டையை முற்றுகையிட வந்தால், மதிலைக் காத்து நிற்கிற வீரர்கள் சூடிய பூ நொச்சி. புறப்பொருள் வெண்பாமாலையில் அதற்குத் தனித் திணையே இருக்கிறது என்றாள். விநோதமான பெயர் என்றால் சங்கப் புலவர்களைப் பாருங்கள் என்று பட்டியலும் போட்டாள்: குப்பைக் கோழியார், விட்ட குதிரையார், தேய்புரிப் பழங்கயிற்றினார்.

"குப்பைக் கோழியார் பேங்க்ல அக்கவுண்ட் தொடங்க வேண்டிய அவசியம் வரலையே தாயி" என்றார் என் மாமா. அவர் எண் கணிதக்காரர். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில்தான் கணக்குப் போடுவார். நொச்சியை ஆங்கிலத்தில் எழுதிக் கூட்டினார். 'சி'யையும் 'எச்'சையும் இரண்டிரண்டாகப் போட்டால் 29, ஆகவே ஆகாது. ஒரு 'எச்'சை எடுத்தால் 24. கூட்டினால் 6, சுக்கிரன். "ஆறு நல்லதுதான்" என்று வேண்டா வெறுப்பாகச் சொன்னார். எதிர்க்கட்சியின் சுவரில் விழுந்த முதல் விரிசல் அது.

கடைசியில் ஜோசியரிடம் போவதென்று முடிவானது. கேட்டை நட்சத்திரம், முதல் பாதம். பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "முதல் எழுத்து 'நோ'."

அன்று மாலை முழுக்க வீடே 'நோ'வில் தொடங்கும் சொல்லைத் தேடியது. நோய் வந்தது. நோவு வந்தது. நோன்பு, நோஞ்சான், நோட்டீஸ் என்று வரிசை நீண்டது. தங்கையின் செல்போன் நோஷிகா என்றது. "நோய் சிகிச்சை மாதிரி இருக்கு" என்று அம்மாவே தள்ளிவிட்டாள். பேச்சியம்மாளும் வாலண்டினாவும் ஜாதகத்தில் ஏற்கெனவே அவுட்.

மனைவி ஜோசியருக்கே போன் போட்டு ஒரே கேள்வி கேட்டாள்: "நொ, நோ, குறில் நெடில் பார்ப்பீங்களா?" பார்ப்பதில்லை, ரெண்டும் ஒண்ணுதான் என்றார் அவர்.

அப்போதும் அம்மா இறங்கி வரவில்லை. "கேட்டையில பிறந்தவ கோட்டை கட்டி ஆளுவா. அவளுக்குப் போயி தழை பேரா?" என்றாள். "அந்தக் கோட்டையைக் காக்கத்தானே அத்தை நொச்சி" என்றாள் மனைவி. அம்மாவிடம் பதிலில்லை; அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி எழுந்து போனாள்.

இவ்வளவும் நடக்கும்போது வாயே திறக்காமல் இருந்தவர் அப்பா. முப்பது வருஷத்துக்கு மேல் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். தினத்தந்தியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க பீட்ல ஒரே தெருவுல ஏழு இசக்கிமுத்து. மணியார்டர் வந்தா ஒவ்வொருத்தனுக்கும் பட்டப்பேர் கேட்டுக் கேட்டுத்தான் கொடுக்கணும். கோட்டிக்கார இசக்கிமுத்துன்னு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வாசல்ல நின்னு கூப்பிட? நொச்சின்னு ஒரு பிள்ள இந்த ஜில்லாவுல எத்தனை இருக்கும்? காயிதம் நேரா வீடு வந்து சேரும்ல."

மறுநாள் அவரே பிறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். தொட்டில் நாளன்று தங்கை காதில் பெயர் சொன்னாள். முதல் இரண்டு முறை எல்லாருக்கும் கேட்டது. மூன்றாம் முறை மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். 'நொச்சிகாஸ்ரீ' என்று கேட்டதாக என் மனைவி இன்றைக்கும் சந்தேகப்படுகிறாள். அம்மா தான் சொன்னபடியே "ஏ பிள்ள" என்றுதான் கூப்பிடுகிறாள். பிள்ளைக்குத் தும்மல் வந்தால் மட்டும், "இந்த வீட்டுல நொச்சிக்கா பஞ்சம்" என்கிறாள்.

இதே சண்டையில் இருக்கிற குடும்பங்களுக்கு ஒரு தகவல். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். ஆனால் பெயர் இல்லாமலேயே பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டுகள் வரை சேர்க்கலாம். ஆக, நிதானமாகவே சண்டை போடுங்கள். ஆனால் 15 ஆண்டு வரை இழுத்துவிடாதீர்கள். அதற்குள் பிள்ளை தனக்குத் தானே ஒரு பெயர் வைத்துக்கொள்ளும். அது உங்களில் யார் சொன்னதாகவும் இருக்காது.