டேப் அண்ணன்

சைக்கிள் குழு என்று இருந்தால் அதில் ஒரு டேப் அண்ணன் இருந்தே தீருவார். எங்கள் அண்ணனை ஞாயிறு விடிகாலை ஈசிஆர் டீக்கடையில் பார்க்கலாம். மற்றவர்கள் ஜெர்சியின் பின்பாக்கெட்டில் வாழைப்பழம் வைத்திருப்பார்கள். அவர் தையல்காரர் டேப் வைத்திருப்பார். மவுண்டன் பைக் வாங்கப்போவதாக யாராவது வாய்தவறிச் சொன்னால் தீர்ந்தது.

"ஷூவக் கழட்டுங்க சார். சுவரோட ஒட்டி நில்லுங்க."

டீக்கடைக் கணக்கு நோட்டைக் கால்களுக்கு நடுவே செருகி, "இன்னும் மேல... இன்னும்" என்பார். வந்தவர் முகம் போகும் போக்கை அவர் பார்ப்பதே இல்லை. "78 சென்டிமீட்டர்!" என்று அவர் அறிவிக்கும்போது கடையே திரும்பிப் பார்க்கும்.

விஷயம் தெரிந்தவர்தான். 17 இஞ்ச், 19 இஞ்ச் என்று சைக்கிள் கடையில் சொல்வது சீட் குழாயின் நீளம். இறக்கத்தில் சீட்டைத் தாழ்த்த வேண்டும் என்று இப்போது அந்தக் குழாயையே குட்டையாக்கிவிட்டார்கள். அதனால் பெடல் மேல் எழுந்து நிற்கும்போது ஹேண்டில்பார் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் கணக்கு. அதற்கு 'ரீச்' என்று பெயர். இரண்டு சைஸுக்கு நடுவில் மாட்டியவர், வேகமாக இறங்குகிற ஆள் என்றால் பெரியது. வளைத்துத் தாவி விளையாடுகிற ஆள் என்றால் சின்னது.

சிக்கல் இங்கேதான். உயரத்துக்கு டேப் உண்டு, திறமைக்கு? "எப்படி ஓட்டுவீங்க?" என்று கேட்பார். "கொஞ்சம் அக்ரெஸிவ்தான்" என்பார், ஸ்பீடு பிரேக்கருக்கு இறங்கித் தள்ளுகிறவர். அண்ணன் அதையும் நோட்டில் குறித்துக்கொள்வார்.

அப்பாவின் 24 இஞ்ச் வண்டியில் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் அடித்துத்தான் நான் பழகினேன் என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன். கண்ணை மூடி ஏதோ கணக்குப் போட்டார்.

"ரெண்டு சைஸ் பெருசு சார் அது."

அண்ணனின் உயரம் 5 அடி 4 அங்குலம். வண்டி, லார்ஜ். கேட்டால், "ஸ்கில் இருக்குல்ல?" என்பார். டீக்கடை வாசலில் ஒரு மைல்கல் உண்டு. அதில் கால் ஊன்றித்தான் எப்போதும் இறங்குவார். போன வாரம் யாரோ அதை ஒட்டி ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தார்கள். அண்ணன் கடை முன்னால் மூன்று வட்டம் அடித்தார். நான்காவது வட்டத்தில் குரல் கொடுத்தார்:

"தம்பி, அந்த வண்டியக் கொஞ்சம் நகத்துப்பா!"